ஒரே செடி, பல வீடுகள்: குழுவாக வளர்க்க ஆர்க்கிட் தேர்ந்தெடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் வாழும் ஆர்க்கிட் ஆர்வலர்கள் சேர்ந்து, ஒரே வகைச் செடியை அவரவர் வீட்டில் வளர்த்துப் பார்க்க எங்கள் குழு திட்டமிட்டிருக்கிறது. எந்தச் செடியை எடுப்பது என்ற பேச்சு தொடங்கியதுமே கேள்விகள் வந்து குவிந்தன. அடுக்குமாடியில் குடியிருப்பவருக்கும், தாமான் குடியிருப்பில் தரை வீட்டில் இருப்பவருக்கும், முதல் செடியை இனிமேல்தான் வாங்கப் போகிறவருக்கும் ஒரே செடி பொருந்த வேண்டும் என்பதால், வந்த கேள்விகளையும் நாங்கள் கண்ட விடைகளையும் இங்கே விரிவாகத் தருகிறோம்.

ஒரே செடியை எல்லாரும் ஏன் வளர்க்க வேண்டும்? அவரவர் விரும்பியதை வளர்க்கக் கூடாதா?

வளர்க்கலாம்; பெரும்பாலோர் அப்படித்தான் வளர்த்து வருகிறோம். ஆனால் தனியாக வளர்க்கும்போது ஒரு செடி வாடினால், குறை தண்ணீரிலா, வெயிலிலா, சட்டியில் இட்ட கரியிலா, செடியின் பிறப்பிலேயா என்று பிரித்தறிய வழியில்லை. அதே தாய்ச்செடியின் ஒரு பங்கு ஆயர் ஈத்தாமில் தழைத்து, இன்னொரு பங்கு குளுகோரில் வேர் அழுகி நிற்குமானால், இரண்டு வீடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து விடை தேட முடியும். ஆகவே குழு வளர்ப்புக்கு ஏற்ற செடி எது என்ற கேள்விக்கு அழகு முதல் அளவுகோல் ஆகாது. எல்லார் வீட்டிலும் உயிர் பிழைக்க வேண்டும். வளர்ப்பவர் செய்யும் வேறுபாட்டைத் தன் உடலில் காட்ட வேண்டும். பங்கு பிரித்தால் தாங்க வேண்டும். இந்த மூன்றும் உள்ள செடியைத்தான் தேடினோம்.

அப்படியானால் எந்தச் செடியைப் பரிந்துரைக்கிறீர்கள்?

புறா ஆர்க்கிட்டை. டெண்ட்ரோபியம் குருமெனாட்டம் என்பது அதன் தாவரவியல் பெயர். மலாய்க்காரர்கள் அங்கிரிக் மெர்பாத்தி என்பார்கள். சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களிலும் அங்சானா மரங்களிலும் கற்றை கற்றையாகத் தொற்றி வளர்வதை நம்மில் எல்லாரும் பார்த்திருப்போம், பார்த்தும் கவனிக்காமல் கடந்திருப்போம். அடிப்பகுதியில் பருத்து, நுனியில் இலையின்றி ஈர்க்குப் போல நீளும் தண்டுகள் அதன் அடையாளம். பூ வெண்மையானது, உதடு எனப்படும் நடு இதழில் மஞ்சள் தீற்றல் உடையது, நல்ல மணம் கொண்டது.

இதைத் தேர்ந்ததற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. இந்தச் செடியின் மொட்டுகள் ஓரளவு வளர்ந்ததும் அப்படியே உறங்கிவிடும். கடும் வெயிலுக்குப் பிறகு திடீரெனக் கனமழை கொட்டி, வெப்பம் ஏறத்தாழ 5 பாகை செல்சியஸ் சட்டென இறங்கும்போதுதான் அந்த உறக்கம் கலையும். அன்றிலிருந்து பெரும்பாலும் 9 நாள் கழித்து, அந்த மழையின் குளிர்ச்சி எட்டிய இடத்தில் முற்றிய மொட்டுடன் காத்திருந்த செடிகள் அனைத்தும் ஒரே காலையில் மலரும். பினாங்கின் மழை எல்லா இடத்திலும் ஒன்றாகப் பெய்வதில்லை என்பது இங்கே வாழ்பவர்களுக்குத் தெரியும். பட்டர்வொர்த்தில் சாலை மூழ்கும் அளவுக்குப் பெய்யும் பிற்பகலில் பாயான் லெப்பாஸில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். கொடிமலையின் இந்தப் பக்கம் ஒரு வானிலை, பாலிக் பூலாவ் பக்கம் வேறொரு வானிலை. எனவே ஒரே தாய்ச்செடியின் பங்குகளைத் தீவிலும் பெருநிலத்திலும் பரவலாக வைத்தால், எந்த வீட்டில் எந்த நாளில் பூத்தது என்ற குறிப்பு, 9 நாளுக்கு முன் எங்கே மழை குளிர்வித்தது என்பதைக் காட்டும் வரைபடமாகிவிடும். வேறெந்த ஆர்க்கிட்டும் ஒரு குழுவுக்கு இவ்வளவு தெளிவான பொதுக் கேள்வியைக் கொடுத்துவிடாது என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம்.

அதன் பூ ஒரே நாளில் வாடிவிடுகிறதே? அதற்காக இவ்வளவு உழைப்பா?

விடியலில் விரிந்து மாலைக்குள் தளர்ந்துவிடும் என்பது உண்மைதான். வீட்டு வாசலில் மாதக்கணக்கில் பூ நிற்க வேண்டும் என்று விரும்புபவருக்கு இது ஏற்ற செடி ஆகாது. குழுவின் பார்வையிலிருந்து பார்த்தால் அதே குணம் நன்மையாகிறது. மலர்ந்த நாள் எது என்பதில் ஐயமே எழாது; பத்து நாள் நிற்கும் பூவில் முதல் மொட்டு என்று விரிந்தது என்று ஆளுக்கொரு தேதி சொல்வோம். மேலும், இது ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பூத்து ஓய்ந்துவிடும் செடியன்று. மொட்டு தயாராக இருந்து மழை உரிய விதத்தில் பெய்தால் ஆண்டில் பல முறை பூக்கும்.

ஒரே நாளில் ஊர் முழுக்கப் பூப்பது செடிக்கும் தேவையானது. பூவின் ஆயுள் ஒரு பகல் என்பதால், அந்தப் பகலுக்குள் தேனீ ஒரு செடியின் மகரந்தத்தை வேறொரு செடிக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். எல்லாச் செடியும் ஒன்றாக மலர்ந்தால்தான் அது நடக்கும்.

பேரங்காடிகளில் அழகழகாக விற்கும் ஃபெலனோப்சிஸை எடுத்தால் என்ன? எல்லாருக்கும் பிடித்தது அதுதானே?

சீனப் புத்தாண்டு நேரத்தில் கடை வாசல்களில் அடுக்கிவைக்கப்படும் பெரிய பூ ஃபெலனோப்சிஸ் கலப்பினங்களைத்தான் கேட்கிறீர்கள். வாங்கிய பூ இரண்டு மூன்று மாதம் நிற்கும். அதன் பிறகு பளபளப்பான இலைகளை விட்டுக்கொண்டு ஆண்டுக்கணக்கில் பூக்காமல் இருக்கும். வளர்ப்பவர் தம்மைத்தாமே நொந்துகொள்வார்; அவர்மேல் குறை ஏதும் இல்லை. இந்தக் கலப்பினங்கள் புதுப் பூங்காம்பு விடுவதற்கு, சில வாரங்கள் தொடர்ந்து ஏறத்தாழ 25 பாகைக்கு மேற்படாத குளிர்ச்சி வேண்டும். ஜார்ஜ்டவுனிலும் கோலாலம்பூரிலும் பகலில் 31, 32 பாகையும் இரவில் 24 பாகையுமாக ஆண்டு முழுவதும் ஓடுகிறது. கேமரன் மலையில் பூக்க வைத்துச் சமவெளிக்கு இறக்குகிறார்கள் என்பதை நினைவில் வைத்தால் போதும். ஒரு குழு முழுவதும் ஓராண்டு உழைத்து, ஒருவர் வீட்டிலும் பூக்காத செடியைத் தேர்ந்தெடுப்பது, புதிதாக வந்தவர்களின் ஆர்வத்தையே அணைத்துவிடும்.

என் வீட்டு மாடத்தில் நேர் வெயிலே விழாது. நான் கலந்துகொள்ள முடியாதா?

எங்கள் குழுவில் மிகவும் நீண்ட நேரம் பேசப்பட்ட கேள்வி இதுதான், ஏனென்றால் இங்கே நம் மக்களில் பலர் அடுக்குமாடிகளில் வாழ்கிறோம். புறா ஆர்க்கிட்டுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். காலையிலோ மாலையிலோ சில மணி நேரம் இளவெயில் படாவிட்டால் இலை விடும், பூக்காது. எனவே செடியை முடிவு செய்யும் முன் ஒவ்வொருவரும் ஒரு வாரம் தம் வீட்டு வெளிச்சத்தைக் கவனித்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். செடி வைக்கப் போகும் இடத்தில் நண்பகலில் கையை நீட்டுங்கள். நிழல் விளிம்பு தெளிவாக விழுந்தால் புறா ஆர்க்கிட் வளரும். மங்கலாக விழுந்தால் நிழல் விரும்பும் செடிதான் பொருந்தும்.

மிகவும் இருண்ட வீட்டை வைத்தே குழுவின் செடி முடிவாக வேண்டும் என்பது எங்கள் கருத்து. மாடத்தில் வெயில் இல்லாதவர்கள் ஓரிருவராக இருந்தால், அவர்களுடைய பங்கை வெயில் உள்ள உறவினர் வீட்டிலோ அண்டை வீட்டிலோ வைத்துக் குறிப்பெடுக்கலாம். பாதிக்கு மேற்பட்டோர் அப்படி இருந்தால் புறா ஆர்க்கிட்டைக் கைவிட்டு, ஃபெலனோப்சிஸ் வயலேசியாவை எடுப்பதே நேர்மை. இது தீபகற்ப மலேசியாவிலும் சுமத்ராவிலும் தாழ்நிலக் காடுகளில் இயற்கையாக வளர்வது. கடைகளில் விற்கும் கலப்பினங்களைப் போலக் குளிருக்குக் காத்திருக்காது. அகன்ற இலைகள், குட்டையான பூங்காம்பு, ஒரு நேரத்தில் ஒன்றோ இரண்டோ பூ, மனத்தை நிறைக்கும் மணம். ஒரு பூ உதிர்ந்ததும் அதே காம்பின் நுனியில் அடுத்த மொட்டு வரும். ஆகவே பச்சையாக இருக்கும் காம்பை வெட்டக் கூடாது. இலைகள் கூடும் நடுக்குருத்தில் தண்ணீர் தங்கினால் ஓர் இரவிலேயே அழுகல் பற்றிக்கொள்ளும் என்பதால் காலையில் மட்டும் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

சரவாக் மாநிலத்தின் நோர்மா ஆர்க்கிட் இதன் நெருங்கிய உறவு. ஃபெலனோப்சிஸ் பெல்லினா என்ற அந்தப் போர்னியோ இனமும் நம் வெப்பத்தில் நன்றாக வளரும். இரண்டையும் கலந்து வாங்கிவிடாமல், ஒன்றை மட்டும் எடுக்க வேண்டும்.

வாண்டா, மொக்காரா, கெட்லியா, புலி ஆர்க்கிட் ஆகியவற்றை ஏன் பட்டியலில் சேர்க்கவில்லை?

வாண்டாவும் மொக்காராவும் நம் வெப்பத்துக்கு மிகவும் ஏற்றவை, ஆனால் நிறைய வெயிலும் இடமும் கேட்பவை. சிங்கப்பூரின் தேசிய மலரான மிஸ் ஜோக்கிம் கலப்பினம் உயரமாக ஏறுவதற்குக் கொம்பு கேட்கும். தரை வீட்டு வேலியோரம் அதற்குரிய இடம். கெட்லியா நல்ல செடிதான், எனினும் கலப்பினங்கள் ஏராளமாக இருப்பதால் எல்லாருக்கும் ஒரே செடி கிடைப்பது கடினம். புலி ஆர்க்கிட் உலகின் மிகப் பெரிய ஆர்க்கிட். முதிர்ந்த கற்றை ஒன்று ஒரு டன் அளவுக்கு எடை கூடக்கூடியது என்பதால் மாடத்துக்கு ஆகாது. பாஃபியோபெடிலம் என்னும் செருப்பு ஆர்க்கிட்டுகளைக் குழுவுக்காக வாங்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறோம். காட்டிலிருந்து பிடுங்கப்பட்டு அழியும் நிலைக்கு வந்த இனங்கள் அவற்றில் பல. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் அந்தப் பேரினம் முழுவதும் இடம்பெற்றிருக்கிறது.

சாலையோர மரத்திலிருந்து கொஞ்சம் பிய்த்துக்கொண்டால் செலவே இல்லையே?

வேண்டாம். அந்த மரங்கள் பொதுச் சொத்து, அவற்றின்மேல் வளர்வதும் அப்படியே. காட்டிலிருந்து அனுமதியின்றி எடுப்பது 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்க, மரப்பட்டையோடு ஒட்டிய வேரைப் பிய்த்தால் பாதி வேர் அறுந்து, செடி மீள நெடுநாள் எடுக்கும். நர்சரிகளில் புறா ஆர்க்கிட் மலிவாகவே கிடைக்கிறது, ஏற்கெனவே வளர்ப்பவர்களிடமும் மிகுதியாக இருக்கிறது.

விதையிலிருந்து வளர்த்த கன்றுகளா, ஒரே கற்றையைப் பிரித்த பங்குகளா? எது நல்லது?

பிரித்த பங்குகளே நல்லது. ஆர்க்கிட் விதை தூசியைப் போன்றது. முளைப்பதற்கு வேண்டிய உணவு அதற்குள் கிடையாது. காட்டில் ஒருவகைப் பூஞ்சையின் துணையோடு முளைக்கும். 1922இல் அமெரிக்கத் தாவரவியலாளர் லூயிஸ் நட்சன் சர்க்கரையும் தாது உப்புகளும் கலந்த கூழில் பூஞ்சையே இல்லாமல் விதையை முளைக்க வைத்துக் காட்டிய பிறகுதான், கண்ணாடிக் குப்பிக்குள் விதையிலிருந்து வளர்க்கும் குப்பிக் கன்றுகள் பெருகின. அப்படி ஒரே காயின் விதையில் பிறந்த கன்றுகள்கூட உடன்பிறந்தவர்கள் மட்டுமே. ஒன்று விரைந்து வளரும், இன்னொன்று சோம்பும், ஒன்று விரைவில் பூக்கும், மற்றொன்று ஓராண்டு தள்ளிப்போகும். அந்த வேறுபாடு வளர்ப்பவரால் வந்ததா, பிறப்பால் வந்ததா என்று சொல்ல முடியாமல் போய்விடும்.

ஒரு பெரிய கற்றையைப் பிரித்தால் எல்லாப் பங்கும் மரபளவில் ஒரே செடி. ஒரே கற்றை போதாதென்றால் இரண்டு வாங்கி, ‘அ’ என்றும் ‘ஆ’ என்றும் சீட்டுக் கட்டி, எவருக்கு எது சென்றது என்று எழுதிவையுங்கள். ஒவ்வொரு பங்கிலும் குறைந்தது ஐந்து தண்டுகளும், அவற்றுள் ஒன்றாவது புதுத்துளிராகவும் இருக்க வேண்டும். கஞ்சத்தனமாக இரண்டு தண்டு, மூன்று தண்டு என்று பிரித்தால் முதலாண்டு முழுவதும் செடி தன்னைத் தேற்றிக்கொள்வதிலேயே கழிந்துவிடும். தண்டின் மேற்பகுதியில் வேரோடு பிறக்கும் குட்டிச் செடிகளும் தாயின் அச்சுதான். அவற்றைச் சேமித்து, யாருடைய பங்காவது பட்டுப்போனால் கொடுக்கலாம். வயலேசியா கற்றையாகப் பெருகுவதில்லை என்பதால் அதைத் தேர்ந்தால் ஒரே குப்பியின் கன்றுகளைத்தான் வாங்க வேண்டியிருக்கும். அப்போது வீட்டுக்கு இரண்டு கன்றாவது வைத்தால் பிறப்பு வேறுபாட்டை ஓரளவு கணிக்கலாம்.

பங்கு பிரிப்பதால் நோய் பரவாதா?

பரவும், கவனமில்லாவிட்டால். ஆர்க்கிட்டுகளைத் தாக்கும் வைரசுகளில் சிம்பிடியம் மொசைக் வைரசும் ஓடோண்டோகுளோசம் வளையப்புள்ளி வைரசும் உலகெங்கும் பரவியவை. செடியின் சாறு பட்ட கத்தியே அவற்றுக்கு வாகனம். நோயுற்ற செடி பல நேரம் நலமாகவே தோன்றும், மருந்தும் கிடையாது. ஆகையால் பிரிக்கும் நாளில் ஒவ்வொரு வெட்டுக்கும் புது சவர பிளேடு பயன்படுத்துவது, அல்லது கத்தியை நெருப்பில் நன்றாகக் காய்ச்சி ஆறவிட்டு வெட்டுவது என்ற விதியை எல்லாரும் ஏற்க வேண்டும். செடிகளை ஒரே வாளித் தண்ணீரில் மாற்றி மாற்றி முக்குவதும் கூடாது. இலையில் ஒழுங்கற்ற வெளிர் கோடுகளோ, உள்ளமுங்கிய கரும்புள்ளிகளோ தென்படும் கற்றையை வாங்கவே வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியும் பகைவர்களில் முக்கியமானது ஆர்க்கிட் மஞ்சள் வண்டு. வண்டும் பூவைத் தின்னும். கழிவுக் குழம்பைப் போர்த்திக்கொண்டிருக்கும் அதன் புழுவும் இளந்துளிரையும் மொட்டையும் தின்னும். அதிகாலையில் கையால் எடுத்து அழிப்பதே சிறந்த வழி.

சட்டியா, மரக்கட்டையா? எவ்வளவு தண்ணீர்?

எல்லாரும் ஒரே முறையைத்தான் பின்பற்ற வேண்டும் என்று கட்டாயப்படுத்த வேண்டாம். வேறுபாட்டைக் காணத்தான் கூடுகிறோம். ஆனால் அவரவர் முறையை ஆண்டின் நடுவில் மாற்றக் கூடாது. மரக்கட்டையில் கட்டினால் வேர் இயல்பாக ஓடும், தினமும் தண்ணீர் வேண்டும், மழையில்லாத நாளில் இருமுறையும் வேண்டியிருக்கும். மண்சட்டியில் அடுப்புக்கரியும் செங்கல் துண்டும் இட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். தேங்காய் மட்டை ஈரத்தை அதிகம் பிடிக்கும். செப்டம்பர், அக்டோபர் மழையில் அழுகலுக்கு இடம் கொடுக்கும். உரம் எதுவானாலும் பொட்டலத்தில் குறித்த அளவில் பாதிக்கும் குறைவாகக் கரைத்து வாரம் ஒருமுறை தெளியுங்கள். கரியில் உப்புத் தேங்கும் என்பதால் மாதம் ஒருமுறையாவது வெறும் தண்ணீரால் நன்றாகக் கழுவிவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். சட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் ஏடிஸ் கொசு முட்டையிடும். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி வீட்டுக்காரரே பொறுப்பு. அடுக்குமாடியில் மாடச் சுவருக்கு வெளிப்பக்கமாகச் சட்டியோ கட்டையோ தொங்கவிடக் கூடாது. பத்தாம் மாடியிலிருந்து விழும் சட்டி கீழே நடப்பவரின் உயிரைப் பறிக்கும்.

என்னென்ன குறித்துவைக்க வேண்டும்?

கனமழை பெய்த நாளும் நேரமும். அன்றைய உச்ச வெப்பமும் மழைக்குப் பிந்தைய வெப்பமும். பூத்த நாள், பூக்களின் எண்ணிக்கை. புதுத்தண்டு வந்த நாள். உச்ச வெப்பத்தையும் தாழ் வெப்பத்தையும் பதித்துவைக்கும் சிறு வெப்பமானியைச் செடியின் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். வானிலைத் துறைக்குப் பாயான் லெப்பாஸிலும் பட்டர்வொர்த்திலும் நிலையங்கள் இருந்தாலும், உங்கள் மாடத்தின் வெப்பத்தை அவை அளப்பதில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு அன்று ஒரே இடத்தில் நின்று ஒரு படம் எடுத்தால் போதுமானது. பூக்காத மழையையும் எழுதுங்கள். பக்கத்து மரத்தில் பூத்து உங்கள் செடி பூக்கவில்லை என்ற குறிப்பு, பூத்த குறிப்பைவிடப் பயன் தருவது. மழை குறைவில்லை, மொட்டுதான் தயாராக இல்லை என்று அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

மழை பெய்தும் என் செடி மட்டும் பூக்கவில்லை. ஏன்?

தண்டு முதிர்ந்து, இலையற்ற நுனிப்பகுதி நீண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாமல் மொட்டு இல்லை. அடுத்தது வெளிச்சம். மூன்றாவதாக, அடுக்குமாடிகளில் நாங்கள் அடிக்கடி காண்பது, குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டி மாடத்திலேயே இருப்பது. அது கக்கும் வெப்பக் காற்றில், வெளியே மழை கொட்டினாலும் செடிக்குக் குளிர்ச்சி எட்டாது, இலையும் உலரும். செடியை மாடத்தின் மறு மூலைக்கு மாற்றிவிட்டு அடுத்த மழைக்குக் காத்திருங்கள்.

கோலாலம்பூரில் இருக்கும் நண்பர்களையும் சேர்த்துக்கொள்ளலாமா?

தாராளமாக. அங்கே ஏப்ரலை ஒட்டியும் அக்டோபர், நவம்பரிலும் என மழை இருமுறை உச்சம் தொடும். பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி வறண்டிருக்கும். அதே தாய்ச்செடியின் பங்கு இரண்டு ஊரிலும் இருந்தால் ஓராண்டில் எந்த ஊரில் எத்தனை முறை பூக்கிறது என்று ஒப்பிடலாம். பங்கை ஈரமில்லாத நாளிதழில் சுற்றிக் காற்றுப் புகும் அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்புங்கள்.

எப்போது தொடங்குவது?

தைப்பூசம் கழிந்து, பினாங்கின் வறண்ட வாரங்கள் முடிந்து, மார்ச் இறுதியிலோ ஏப்ரலிலோ முதல் மழைகள் வரும் நேரத்தில். அப்போது பிரித்த செடியின் புதுவேர் ஈரக்காற்றில் விரைந்து பற்றிக்கொள்ளும். செப்டம்பர், அக்டோபர் பெருமழைக்குள் ஒரு தண்டாவது முதிர்ந்திருக்கும். தண்ணீர்மலைக் கோயிலுக்கு அருகிலுள்ள தாவரவியல் பூங்கா எல்லாருக்கும் தெரிந்த இடம் என்பதால், ஒரு ஞாயிறு காலை அங்கே கூடி, மரங்களில் இயற்கையாக வளரும் ஆர்க்கிட்டுகள் எந்த உயரத்தில், எந்த வெளிச்சத்தில் தொற்றியிருக்கின்றன என்று பார்த்துவிட்டு, பிறகு ஓர் உறுப்பினர் வீட்டில் கற்றையைப் பிரிக்கலாம். வருபவர்கள் தங்கள் மரக்கட்டை அல்லது சட்டி, பருத்திக் கயிறு, பெயர் எழுதிய சீட்டு ஆகியவற்றைக் கொண்டுவந்தால், அன்றே கட்டி எடுத்துச் செல்லலாம்.